ஜுனைட் சேரும் தாய்வழி இழையும்

“இண்டைக்கு மட்டும் ஒரு சொல்லுக்கும் கருத்துச் சொல்லப்படா. விளங்கிச்சா?” என்றாள் ஸகியா. கையில் சமோசாத் தட்டு, முகத்தில் பொலிஸ்.

ஜுனைட் சேர் தலையை ஆட்டினார்.

“தலைய ஆட்டினா போதா. வாயால சொல்லுங்க.”

“வாயத் திறக்கப்படா எண்டும் சொல்றீங்க, வாயால சொல்லுங்க எண்டும் சொல்றீங்க. நான் எதச் செய்ற?”

“இந்தா, தொடங்கியாச்சு!”

ஸகியாவைக் குறை சொல்ல முடியாது. ஜுனைட் சேர் கல்முனையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவர். தங்கமான மனுசன். புகைக்க மாட்டார், கடன் வாங்க மாட்டார், பொஞ்சாதி பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டார். ஒரேயொரு வியாதிதான். உடம்பு சம்பந்தப்பட்ட எந்தச் சொல் காதில் விழுந்தாலும், அது எந்தத் தேசத்தில் பிறந்து எப்படிக் கல்முனைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லி முடிக்காமல் அவருக்கு மூச்சு வராது.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஆறு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணியில் கை வைத்த நேரம், யாரோ ஒருவர் “கொலஸ்ட்ரோல் கூடிரும்போல” என்று சும்மா சொல்லிவிட்டார். அவ்வளவுதான். “அது கிரேக்கச் சொல்லு. ‘கொலே’ எண்டா பித்தம், ‘ஸ்டீரியோஸ்’ எண்டா கட்டி. முதல்முதல்ல பித்தப்பைக் கல்லுக்குள்ளதான் கண்டுபிடிச்ச,” என்று சேர் தொடங்கினார். பித்தக் கல்லின் நிறம் வரைக்கும் போனார். மற்ற ஐந்து பேரும் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். முழுச் சஹனும் சேருக்கு மிஞ்சியது.

இன்றைக்கு விசயம் பிரியாணி இல்லை. மகள் றுஸ்னாவின் வாழ்க்கை.

அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி எடுத்த காலத்தில் றுஸ்னாவுக்கும் அப்ராஸ் என்ற பிள்ளைக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. அவனுடைய ஊரும் அட்டாளைச்சேனைதான். பையன் வீட்டில் மெல்லச் சொல்ல, அவர்களும் சரி, வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இதோ, பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு வாசலில் வேன் வந்து நின்றாயிற்று.

கதவுக்குப் பின்னாலிருந்து றுஸ்னா எட்டிப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல்.

“வாப்பா, ப்ளீஸ்.”

“நான் வாயே திறக்கமாட்டன் மகள்,” என்றார் ஜுனைட் சேர். மனதாரத்தான் சொன்னார், பாவம்.

வந்தவர்கள் மூன்று பேர். பையனின் உம்மா றாஹிலா; தொண்டையும் பெரிது, மனசும் பெரிது. வாப்பா முஸ்தாக், கதிரையில் உட்கார்ந்தால் கதிரைக்கே தெரியாத மனுசன். மூன்றாவது றாஹிலாவின் தங்கச்சி ஹுஸ்னியா. அவள் துணைக்கு வந்தவள், வந்த நேரத்திலிருந்து சமோசாத் தட்டுக்கும் துணையாக இருந்தாள்.

பெண் வீட்டின் பக்கம் ஸகியாவின் மூத்த காக்கா முகைதீன்பாவா நடுக் கதிரையில் இருந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன். அதோடு பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர்களுடைய குடியின் சார்பில் இருக்கிற மரைக்காரும் அவர்தான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரம். அவர் சரியென்றால் சரி, இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பும் எரியாது.

பத்து நிமிடம் எல்லாம் சீராகப் போனது. மழையைப் பற்றிக் கதைத்தார்கள், வேளாண்மையைப் பற்றிக் கதைத்தார்கள். ஜுனைட் சேர் புன்னகை செய்துகொண்டே இருந்தார். கன்னம் வலிக்கிற அளவுக்குப் புன்னகை.

அப்போதுதான் றாஹிலா கேட்டாள். “சேர், குறை நெனைக்கப்படா. உங்களுக்கு என்ன வயசு?”

“அம்பத்திரெண்டு.”

“அம்பத்திரெண்டா! யா அல்லாஹ். நான் இவ்வளவு நேரமும் நீங்க ஸகியா தங்கச்சிட வாப்பாவாக்கும் எண்டு நெனச்சிட்டிரிக்கன்.”

சேரின் தலையில் ஒரு கறுத்த மயிர் கிடையாது. கொட்டைப் பஞ்சுதான். ஸகியா வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கினாள். சேருக்குச் சுருக்கென்றது. ஒரேயொரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்தார்.

“இது வயசால வந்த நரை இல்ல. எனக்கு முப்பதிலயே நரச்சிட்டு.”

“முப்பதிலயா? என்ன வருத்தம்?”

“வருத்தம் ஒண்டுமில்ல. பரம்பரை.”

றாஹிலா கடிக்கப் போன சமோசாவைத் திரும்பத் தட்டில் வைத்தாள். ஹுஸ்னியா அதை எடுத்துக்கொண்டாள்.

“பரம்பரையா? அப்ப புள்ளைக்கும் வருமா?”

‘வராது’ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் விடை எழுதுகிற பழக்கம் சேரின் எலும்புக்குள் இருந்தது.

“மயிருக்குக் கறுப்புக் குடுக்கிறது மெலனின். கிரேக்கத்தில ‘மெலாஸ்’ எண்டா கறுப்பு. அது எப்ப நிக்கும், எப்ப நிக்காது எண்டு கட்டளை போடுறதில பரம்பரை அலகுக்கும் பங்கு இரிக்கி. ஜீன் எண்டு சொல்ற. அதுவும் கிரேக்கத்தில இருந்து எடுத்ததுதான். ‘ஜெனோஸ்’ எண்டா பிறப்பு, வம்சம்.”

“அப்ப வம்சத்துக்கே நரையா?” என்றாள் றாஹிலா.

கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. சேர் அவசரமாகத் திருத்தப் பார்த்தார்.

“இல்ல, இல்ல! புள்ளைக்கு என்ட பக்கத்தால பாதிதான் வாற. மற்றப் பாதி தாய்ட. ஸகியாட பக்கத்தில ஆருக்கும் நரையே இல்ல. கறுகறுத்த மயிர். இரிக்கிற வரைக்கும்.”

“இரிக்கிற வரைக்கும் எண்டா?”

சேரின் கண் அவரைக் கேளாமலேயே முகைதீன்பாவாவின் தொப்பிக்குப் போய்விட்டது. றாஹிலாவின் கண்ணும் போனது. முஸ்தாக்கின் கண்ணும் போனது.

அந்தத் தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. சலூன்காரருக்குத் தெரியும், அவரும் பார்த்துக் கனகாலம்.

“காக்கா, குறை நெனைக்கப்படா...” என்று றாஹிலா இழுத்தாள்.

“மறைக்க என்ன இரிக்கி?” என்று முகைதீன்பாவா ரோசத்தோடு தொப்பியைக் கழற்றினார். யன்னலால் வந்த பின்னேர வெயில் நேரே அவர் உச்சியில் இறங்கி அறை முழுக்கப் பரவியது.

“மாஷா அல்லாஹ்,” என்றாள் ஹுஸ்னியா, பழக்கதோசத்தில்.

சேருக்கு மச்சானைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. மச்சானைக் காப்பாற்ற வேண்டியது தன் கடமை என்று நினைத்தார். “அது வயசால வந்த. மச்சானுக்கும் வயசு போயிட்டுத்தானே. முதுமைக்கு இங்கிலீசில ‘செனசன்ஸ்’ எண்டு சொல்ற. லத்தீனில ‘செனெக்ஸ்’ எண்டா கிழவன். ‘செனட்’ எண்ட சொல்லும் அதே வேர்தான். கிழவன்மார் கூடி இருந்து தீர்மானம் எடுக்கிற இடம்.”

“பள்ளி நிர்வாக சபையச் சொல்றீங்களா மச்சான்?” என்றார் முகைதீன்பாவா. குரல் தணிவாக வந்தது, அதுதான் ஆபத்து.

“சீச்சீ, ரோம் நகரத்தில...”

“வயசால ஒண்டும் கொட்டல்ல. இருவத்தெட்டில கொட்டின,” என்று முகைதீன்பாவா கிழவன் பட்டத்தை உதறினார்.

“இருவத்தெட்டா!” றாஹிலா நெஞ்சில் கை வைத்தாள். “சேர், அதுவும் பரம்பரையா?”

“வழுக்கையில பெரிய பங்கு எக்ஸ் நிறமூர்த்தத்தில இரிக்கி. ஆம்புளப் புள்ளைக்கு அது தாய்ட பக்கத்தால மட்டும்தான் வாற. இங்கிலீசில குரோமோசோம். நிறமூர்த்தம் எண்டா நிறமுள்ள உடம்பு. அதுக்குச் சொந்த நிறம் இல்ல. சாயம் போட்டுப் பாத்த நேரம் நல்லாப் பிடிச்சிது, அதால வந்த பேர்.”

சாயம் என்றதும் முஸ்தாக் தன் கன்னங்கரிய மீசையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“அத விடுங்க. நாளைக்கு றுஸ்னாக்கு ஒரு மகன் பொறந்தா, அவன்ட தலை எப்பிடி இரிக்கும்?” என்று கேட்டாள் றாஹிலா.

சேர் கணக்குப் பார்த்தார். மனசாட்சியோடு பார்த்தார். “ஒண்டில் மச்சான்ட தலை. இல்லாட்டி என்ட தலை.”

றாஹிலா ஒரு தரம் பஞ்சைப் பார்த்தாள். ஒரு தரம் பளபளப்பைப் பார்த்தாள். வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று முகட்டைப் பார்த்தாள்.

“இஞ்ச ஒருக்கா வாங்க, வட்டிலப்பம் வெட்ட,” என்று உள்ளேயிருந்து ஸகியாவின் குரல் வந்தது. ஜுனைட் சேரைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் வட்டிலப்பம் வெட்டக் கூப்பிட்டதே கிடையாது.

குசினிக்குள் போனதும் ஸகியா கதவைச் சாத்தினாள்.

“உங்களுக்கு நான் என்ன துரோகம் செஞ்ச?”

“அவ கேட்டா, நான் சொன்னன்...”

“சரி, மயிர் போனாப் போகுது. நான் இப்ப சொல்றதக் கேளுங்க. இது உயிர் போற விசயம். காலையில சாச்சிட மகள் போன்ல கோல் எடுத்த. அந்த றாஹிலா இரிக்காவே, அவ ஆரு தெரியுமா? எங்கட குடி.”

சேர் எடுத்த கத்தியைத் திரும்ப வைத்தார்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. இந்தக் கிழக்குக் கரையில் குடி என்றால் குலம் மாதிரி, அதுவும் தாய்வழியில் வருவது. உம்மாவின் குடி எதுவோ, அதுதான் பிள்ளையின் குடி. வாப்பாவின் குடி வாப்பாவோடு சரி. ஒரே குடியில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் சகோதர முறை. அவர்களுக்குள் கலியாணம் பேசுவதில்லை. இந்தக் காலத்தில் பலர் அதைக் கண்டுகொள்வதில்லைதான். ஆனால் குடிக்கு மரைக்காராக இருக்கிற மனுசன் கண்டுகொள்ளாமல் இருப்பாரா?

“மச்சானுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா இப்பிடி இரிப்பாரா? பையன் வீட்டுக்காரங்க குடி கேட்டிரிப்பாங்க எண்டு அவரு நெனச்சிட்டிரிக்காரு, அவங்க நாம கேட்டிரிப்பம் எண்டு நெனச்சிட்டிரிக்காங்க. இந்த இருப்பிலயே திகதிய எடுத்திடணும். ஊருக்குச் சொன்னதுக்குப் பொறகு காக்கா பின்வாங்க மாட்டாரு. அது வரைக்கும் குடி எண்ட சொல்லே உங்கட வாயில வரப்படா.”

“வராது.”

“சத்தியம்?”

“வல்லாஹி.”

றுஸ்னா மூலையில் நின்றாள். கண் சிவந்திருந்தது. “வாப்பா, அவரு இல்லாட்டி எனக்கு ஒருத்தரும் வேணா,” என்றாள். இப்படி நேருக்கு நேர் அவள் கதைத்ததே இல்லை. சேருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்காகக் கிரேக்கம், லத்தீன் இரண்டையும் கடலில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று தோன்றியது.

வட்டிலப்பத்தோடு வெளியே வந்தவர் புது மனுசனாக வந்தார். புகழ்வது என்று முடிவு செய்திருந்தார். “மகன்ட போட்டோ பாத்தன். நல்ல அடர்த்தியான மயிர்,” என்றார்.

றாஹிலாவின் முகம் மலர்ந்தது. “ஓம் சேர்! அது என்ட வாப்பாட மயிர். வாப்பா மௌத்தாகக்கொள்ள எம்பத்தொம்பது வயசு, ஒரு மயிர் நரைக்கல்ல. அப்ராஸ்ட மூக்கு இரிக்கே, அதுவும் வாப்பாட மூக்குத்தான். நடை என்ட பெரிய காக்காட நடை. பிடிவாதம் அப்பிடியே என்ட உம்மாட.”

“கோவம் என்ட,” என்றார் முஸ்தாக். வந்து முதல் தடவையாக வாய் திறந்தார்.

“உங்களுக்கு எங்க கோவம் வாற? கோவமும் என்ட உம்மாடதான்.”

“ஓம்,” என்றார் முஸ்தாக்.

“அப்ப உங்கட பக்கம்தான் ஆட்சி,” என்றார் ஜுனைட் சேர் உற்சாகமாக. “சில இயல்பு வந்தா மற்றத அடக்கி முன்னுக்கு நிக்கும். அத ஆட்சியான இயல்பு எண்டு சொல்ற. பின்னுக்கு நிக்கிறது பின்னிடைவு. எங்கட நரையும் வழுக்கையும் உங்கட மயிருக்கு முன்னால நிண்டுபிடிக்குமோ தெரியா.”

அறிவியல் ரீதியாக அது முழுதும் சரியில்லை. சொல்லும்போதே சேருக்கு உறுத்தியது. மகளுக்காகப் பொறுத்துக்கொண்டார்.

“சேர் என்ன வடிவா விளங்கப்படுத்துறாரு!” றாஹிலா பூரித்துப்போனாள். “எங்கட அப்ராஸுக்கு மாமனாரா வர இவரவிட வேற ஆரு வேணும்!”

முகைதீன்பாவாவும் தொப்பியை மடியில் வைத்தபடி இளகினார். போனை எடுத்து நாள் பார்க்கத் தொடங்கினார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த அடுத்த வெள்ளி என்று அவர் சொல்ல, றாஹிலா அடுத்த ஞாயிறு என்று சொல்ல, ஸகியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஸலவாத்து ஓதினாள். காரியம் முடிகிற தறுவாய்.

“திகதி கிடக்கட்டும். சேர், ஒரேயொரு கேள்வி,” என்றாள் றாஹிலா. “இவரு எப்பயும் சொல்ற, புள்ளையில தகப்பனுக்கும் தாய்க்கும் சரி பாதி எண்டு. நான் ஒத்துக்கமாட்டன். நீங்க படிச்ச மனுசன், சொல்லுங்க. ஆருக்குக் கூட?”

‘சரி பாதி’ என்று சொன்னால் போதும். ஜுனைட் சேருக்கு அது நன்றாகத் தெரியும். ஸகியாவைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே “பாதி, பாதி” என்றாள்.

“பாதி...” என்றார். “...எண்டு சொல்லலாம்.”

“சொல்லலாம் எண்டா?”

எத்தனை வருடமாகப் படிப்பிக்கிறார்! ஒரு மாணவன்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எல்லோரும் பரீட்சைக்கு வருமா, வராதா என்றுதான் கேட்பார்கள். தானாக அறிய ஆசைப்பட்டுக் கேட்கிற முதல் ஆள் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மனுசன் என்ன செய்வார்!

“தாய்க்கு ஒரு இழை கூட,” என்றார்.

“அப்பிடிப் போடுங்க!” என்றாள் றாஹிலா.

“இழைமணி எண்டு ஒண்டு இரிக்கி. இங்கிலீசில மைட்டோகொண்ட்ரியா. கிரேக்கத்தில ‘மிட்டோஸ்’ எண்டா நூல், ‘கொண்ட்ரியன்’ எண்டா சின்ன மணி. நுணுக்குக்காட்டியால பாத்த மனுசனுக்கு ஒரு நேரம் நூல் மாதிரித் தெரிஞ்சிரிக்கி, ஒரு நேரம் மணி மாதிரித் தெரிஞ்சிரிக்கி. ரெண்டையும் சேத்துப் பேர் வெச்சிட்டான். எங்கட ஆக்கள் அத அப்பிடியே இழைமணி எண்டு தமிழாக்கின. என்ன வடிவான சொல்லு பாருங்க! கலத்துக்குச் சக்தி குடுக்கிறதே அதுதான். அது தகப்பன்ட பக்கத்தால வாறதில்ல. உம்மாட பக்கத்தால மட்டும்தான். உம்மாட உம்மாட்ட இருந்து, அவட உம்மாட்ட இருந்து, ஒரே நூலா வந்திட்டே இரிக்கும்.”

சொல்லி முடித்துவிட்டு ஸகியாவைப் பெருமையோடு பார்த்தார். குடி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

முகைதீன்பாவா தொடையில் ஓங்கித் தட்டினார். “அட! இது எங்கட குடிதானே மச்சான்! எங்கட மூத்தவங்க அப்பயே கண்டுபிடிச்சிட்டாங்க. வாற ஜும்ஆக்கு இத நான் பள்ளியில சொல்லத்தான் போறன்.” சந்தோசத்தில் றாஹிலாவின் பக்கம் திரும்பினார். “கேக்க மறந்திட்டன் தங்கச்சி. நீங்க என்ன குடி?”

“நாங்க ஓடக்கரையார் குடி,” என்றாள் றாஹிலா பெருமையாக.

முகைதீன்பாவா மடியிலிருந்த தொப்பியை எடுத்தார். தட்டினார். தலையில் வைத்தார். எழும்பினார்.

“நாங்களும் அதுதான்.”

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உடைந்தது. ஸகியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் காக்காவும் தங்கச்சியும் முறை. இதில கதைக்க ஒண்டுமில்ல. நானே மரைக்காரா இரிந்துட்டு என்ட மருமகளுக்கே இப்பிடிச் செஞ்சா, நாளைக்குப் பள்ளிக்குள்ள எந்த முகத்தோட போற?” என்றார் முகைதீன்பாவா.

ஜுனைட் சேர் பதறி எழும்பினார். “மச்சான், நில்லுங்க! அந்த நூல் சின்ன விசயம். கலத்துக்குள்ள இரிக்கிற மொத்தப் பரம்பரைச் சரக்கில அது ஒரு துளி. பத்துத் தலைமுறைக்கு முன்னால ஒரு ஆளுக்கு ஆயிரம் பேர் மூதாதையர் இரிப்பாங்க. அதில ஒரே ஒரு பொம்புளய மட்டும் பிடிச்சிட்டு நிக்கிறதுதான் குடி. நம்மட றுஸ்னாக்கும் அப்ராஸுக்கும் உள்ள சொந்தம், எனக்கும் மீன் விக்கிற ஆளுக்கும் உள்ள சொந்தம் மாதிரித்தான்.”

“இப்பதானே சக்தியே அதிலதான் இரிக்கி எண்டு சொன்னீங்க?” என்றார் முகைதீன்பாவா.

“சொன்னன். ஆனா...”

“துளியா?” றாஹிலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அது அவளுடைய உம்மாவின் கோபம். “பத்து மாசம் சுமந்து பெத்தவ குடுத்தது ஒரு துளியா? காக்கா சொல்றதுதான் சரி. எங்கட குடிய லேசா நெனைக்கப்படா சேர்.”

“லேசா நெனைக்கல்ல. அந்த நூலும் அப்பிடியே மாறாம வாறதில்ல எண்டுதான் சொல்ல வாறன். காலத்துக்குக் காலம் அதில விகாரம் வரும்.”

“எங்கட குடியில விகாரமா?” என்று முகைதீன்பாவாவும் றாஹிலாவும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“ஐயோ, பாடப் புத்தகத்தில உள்ள சொல்லு அது! விகாரம் எண்டா மாற்றம். இங்கிலீசில மியூடேசன். லத்தீனில ‘மியூடாரே’ எண்டா...”

“லத்தீனக் கொண்டுபோய் ஆத்தில போடுங்க!” என்றாள் ஸகியா. அவளும் அந்தக் குடிதானே. மகளின் கலியாணம் ஒரு பக்கம் இருக்க, குடிக்கு ஒன்று என்றால் அவளுக்கும் பொறுக்கவில்லை.

அப்போதுதான் ஜுனைட் சேருக்கு நிலைமை உறைத்தது. மச்சான், மனைவி, மகள், வந்த றாஹிலா, அவள் தங்கச்சி ஹுஸ்னியா, எல்லோரும் ஒரே குடி. அவர் மட்டும் வேறு. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இத்தனை வருடம் வாழ்ந்து, கூரைக்கு ஓடு மாற்றி, கிணற்றுக்கு மோட்டர் போட்டு, கடைசியில் இந்த மண்டபத்தில் அவர் ஒரு வெளியாள். துணைக்கு யாராவது உண்டா என்று பார்த்தார். முஸ்தாக் மெல்லக் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நானும் வேற குடிதான்,” என்றார் காதோடு. “கதைச்சி வேல இல்ல சேர். சும்மா இரிங்க.”

“வாப்பா!”

றுஸ்னா வெளியே வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கூப்பிடாமல் பெண் வெளியே வருவது அந்த வீட்டில் வழக்கமில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் கோபப்படவுமில்லை, கத்தவுமில்லை. தகப்பனைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். கண்ணீர் தாடை வழியாக ஓடியது.

ஜுனைட் சேர் உடைந்துபோனார். “எல்லாம் என்ட வாயால வந்த வினை,” என்றார். “தங்கச்சி, மச்சான், நான் சொன்ன எல்லாத்தயும் மறந்திருங்க. இனி ஒரு சொல்லும் கதைக்கமாட்டன். இந்தப் புள்ளட முகத்தப் பாருங்க. என்ட புள்ள இதுவரைக்கும் ஒண்டுமே கேட்டதில்ல. கேட்ட ஒண்டயும் நானே கெடுத்திட்டன்.”

முகைதீன்பாவா மூக்கை உறிஞ்சினார். தூக்கி வளர்த்த மருமகள்தானே. ஆனால் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார். “எனக்கும் வயிறு எரியுதுதான். என்ன செய்யச் சொல்றீங்க? ஒரு குடி எண்டா ஒரு குடிதான்.”

றாஹிலா எழும்பிப் போய் றுஸ்னாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். “எனக்கு உன்னக் கண்டதுமே பிடிச்சிட்டு மகள். உன்ட மகனுக்கு மொட்டத் தலை வந்தாலும் நான் தடவிட்டு இரிந்திரிப்பன். என்ன செய்ய? அவன் என்ட வயித்தில வந்து பொறந்திட்டான். அவன் மட்டும் வேறொருத்திட வயித்தில பொறந்திரிந்தா, இண்டைக்கே லெப்பையக் கூப்பிட்டு நிக்காஹ்வ முடிச்சிரிப்பன்.”

“ஓம்,” என்று முஸ்தாக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹுஸ்னியா வாயருகே கொண்டுபோன வட்டிலப்பக் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

“தாத்தா, அப்ராஸ நீங்க பெறல்லயே! எறக்காமத்தில இரிந்த உம்மு, வேற குடிக்காரி, புள்ளயப் பெத்த கையோட மௌத்தாகிப்போக, அவட புள்ளய நீங்கதானே துணியில சுத்தித் தூக்கிட்டு வந்த. நீங்களும் மறந்து, மச்சானையும் மறக்கவெச்சி, எங்களையும் மறக்கவெச்சிட்டீங்களே!”